ஒரு உடம்புக்கு இரண்டு சீட்டு

அம்மாவின் புகைப்படங்கள் எங்கள் வீட்டில் மொத்தம் நான்கு இருக்கின்றன. நான்கிலும் முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துப் போர்த்திக்கொண்டு நிற்கிறார். சித்திரை வெயிலில் எடுத்த படத்திலும் அப்படித்தான். என்ன அடக்கம் பாரு என்று உறவுக்காரர்கள் எனக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். என் கல்யாணத்தன்று போட்டோக்காரர் "முந்தானையைக் கொஞ்சம் இறக்குங்கம்மா, முகம் இருட்டடிக்குது" என்றபோது அம்மா மேடையை விட்டே இறங்கிப் போய்விட்டார்.

அடக்கம் ஒன்றுமில்லை. அம்மாவின் முன்கழுத்தில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வீக்கம் இருந்தது. வலிக்கும்போது கல்லுப்பை வாணலியில் வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்துக்கொள்வார். உள்ளே போயிருக்க வேண்டிய ஏதோ ஒன்று உப்பில் இல்லாமல் போனதால் வந்திருக்கக்கூடிய வீக்கத்துக்கு, வெளியிலிருந்து உப்பு ஒத்தடம். 1999இல் இறக்கும்வரை அந்தக் கழுத்தை எந்த மருத்துவரும் தொட்டுப் பார்த்ததில்லை.

எனக்கு இப்போது 49 வயது. பேரிகையில் பிறந்து வளர்ந்து, பக்கத்து ஊர்ப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். ஊர்ப் பெயருக்கு முரசு என்று பொருள். தமிழ்நாட்டு வரைபடத்தில் மேல் ஓரத்தில் எங்களைத் தேடுங்கள். சூளகிரி வட்டம், எல்லையைத் தாண்டினால் கர்நாடகத்தின் மாலூர் வட்டம். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளியில் தமிழ். மூன்று மொழியிலும் எனக்குத் தெரிந்த பெண்கள் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்: "எனக்குச் சுகரும் இருக்கு, தைராய்டும் இருக்கு." எனக்கும் இரண்டும் இருக்கின்றன. சர்க்கரை 38 வயதில் வந்தது. தைராய்டு 44இல் தெரியவந்தது. வந்தது என்று எழுதாததற்குக் காரணம் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

வரலாறு நடத்துகிறவளுக்கு ஒரு கெட்ட பழக்கம், எதையும் எப்போது, யாரால், யாருக்காக என்று கேட்பது. என் மாத்திரை டப்பாவிடமும் அதைக் கேட்டேன்.

முதலில் அம்மாவின் கழுத்து. முன்கழுத்துக் கழலைக்கும் அயோடின் குறைவுக்கும் உள்ள தொடர்பு 19ஆம் நூற்றாண்டிலேயே பேசப்பட்டது. 1917 முதல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து அக்ரான் நகரில் டேவிட் மரைன் என்ற மருத்துவர் பள்ளிச் சிறுமிகளுக்கு அயோடின் கொடுத்துக் கழலையைத் தடுக்க முடியும் என்று காட்டினார். சிறுமிகளைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் இல்லை. கழலை அவர்களுக்குத்தான் அதிகம் வந்தது. 1922இல் சுவிட்சர்லாந்து உப்பில் அயோடின் சேர்க்கத் தொடங்கியது. இந்தியாவில் இதற்குச் சான்று தந்தவர் ஆந்திரத்துக்காரரான வெ. ராமலிங்கசுவாமி. 1956இல் இமாசலத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்து, சில பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பும் ஒன்றுக்குச் சாதாரண உப்பும் கொடுத்து, ஆண்டுக் கணக்கில் பிள்ளைகளின் கழுத்தைத் தொட்டுப் பார்த்து எண்ணினார்கள். அயோடின் உப்பு போன இடங்களில் கழலை சரசரவென்று குறைந்தது. 1962இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் பிறந்தது.

மகத்தான வேலைதான். ஆனால் திட்டத்தின் கண் முதலில் இமயமலை அடிவாரத்தின் மேல் இருந்தது, எண்ணிக்கை பள்ளிக்கூடத்தில் நடந்தது. என் அம்மா இமயத்திலும் இல்லை, பள்ளிக்கூடத்திலும் இல்லை. கழலை நாடு முழுவதும் இருக்கிறது என்று ஏற்றுக்கொண்டு எல்லாருக்கும் அயோடின் உப்பு என்ற கொள்கைக்கு அரசு வந்து சேர்ந்தது 1980களின் நடுவில். அதற்குள் அம்மாவுக்கு இரண்டு கருச்சிதைவுகள் ஆகியிருந்தன.

உப்பு என்று சொல்லிவிட்டால் எங்கள் பகுதிக்காரர்களால் ராஜாஜியை விட்டுவிட முடியாது. அவர் ஓசூரை ஒட்டிய தொரப்பள்ளியில் பிறந்தவர். 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்துபோய் உப்பு அள்ளினார். ஆண்டுதோறும் பத்தாம் வகுப்பில் இதை நடத்துகிறேன். ஆனால் நான் மாணவிகளிடம் கூடுதலாகச் சொல்லும் பெயர் ருக்மிணி லட்சுமிபதி. வேதாரண்யப் போராட்டத்தில் சிறை சென்றவர், உப்புச் சத்தியாகிரகத்தில் தண்டிக்கப்பட்ட முதல் பெண் என்று அறியப்படுபவர். 1946இல் சென்னை மாகாண அமைச்சரவையில் பொதுச் சுகாதாரத் துறையை ஏற்றார். உப்புக்காகச் சிறை போன பெண் சுகாதார அமைச்சராகிறார்! உப்பும் பெண் உடம்பும் ஒரே மேசையில் சந்தித்திருக்கக்கூடிய இடம் அது. 1947 மார்ச்சோடு அந்த அமைச்சரவை முடிந்துபோனது. எழும்பூரில் ஒரு சாலைக்கு அவர் பெயர் இருக்கிறது.

அயோடின் இல்லாத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்பதற்கு 1998இல் தடை வந்தது, 2000இல் விலக்கப்பட்டது, 2006இல் மறுபடி வந்தது. உப்பு விற்பது அவரவர் உரிமை என்று காந்தியின் பெயரால் ஒரு தரப்பு, குழந்தைகளின் மூளை வளர்ச்சியின் பெயரால் ஒரு தரப்பு. பெரிய உப்புக் கம்பெனிகள் சின்ன உப்பளங்களை விழுங்கிவிடும் என்ற அச்சம் நியாயமானது. எனக்கும் அது உண்டு. இருந்தாலும் அந்த வாதங்களை இன்று படிக்கும்போது, அதில் குழந்தை வருகிறது, நாடு வருகிறது, அடுப்படியில் நிற்கிற நாற்பது வயதுக்காரி வருவதில்லை. 2018-19இல் எடுத்த தேசிய அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகளின் விகிதத்தில் தமிழ்நாடு கடைசி இடத்தில் இருந்தது, சுமார் 62 விழுக்காடு. கல்லுப்பு ஜாடியை நாம் அவ்வளவு எளிதில் விடவில்லை. உப்பு விளையும் கடற்கரை நமக்கு இருப்பதும் ஒரு காரணம்.

என் தைராய்டு அம்மாவுடையது போல வீங்கவில்லை. சத்தமில்லாமல் சுருங்கியது. அயோடின் போதுமான அளவு கிடைக்கும் இடங்களில் தைராய்டு குறைவதற்கு முதன்மைக் காரணம் உடலின் எதிர்ப்பாற்றல் தன் சுரப்பியையே தாக்குவது. 1912இல் ஜப்பானில் ஹகாரு ஹஷிமோட்டோ என்ற இளம் மருத்துவர் இதை முதன்முதலில் நான்கு நோயாளிகளிடம் விவரித்தார். நான்கு பேரும் பெண்கள். அதற்கு முன்பே, 1873இல், லண்டனில் வில்லியம் கல் தன் கட்டுரையின் தலைப்பிலேயே பெண்கள் என்ற சொல்லைப் போட்டிருந்தார்: வளர்ந்த பெண்களுக்கு வரும் ஒரு மந்த நிலை பற்றியது அது. முகம் உப்பும், நாக்கு தடிக்கும், பேச்சு இழுக்கும், எதிலும் நாட்டம் போய்விடும். 1891இல் நியூகாசிலில் ஜார்ஜ் மரே என்பவர் அப்படிப்பட்ட 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியில் செலுத்தினார். பிழைக்கமாட்டாள் என்று விடப்பட்டவள் எழுந்து நடமாடி 74 வயது வரை வாழ்ந்தாள். அதற்காக 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பி தேவைப்பட்டதாம். 1927இல் அதே சுரப்பை ஆய்வுக்கூடத்தில் செய்துவிட்டார்கள். என் கையில் இருக்கும் குட்டி வெள்ளை மாத்திரை அதன் வாரிசு. ஆடுகளை நினைத்துக்கொண்டு சில நாள் விழுங்குவேன்.

ஆக, இது பெரும்பாலும் பெண்களின் நோய் என்று மருத்துவம் 150 ஆண்டுகளாக அறிந்திருக்கிறது. 2013இல் வெளியான எட்டு நகர ஆய்வு ஒன்றில் இந்தியாவில் வயதுவந்தவர்களில் 11 விழுக்காட்டினருக்குத் தைராய்டு குறைவு இருந்தது. பெண்களில் ஏறத்தாழ 16, ஆண்களில் 5. அப்படியிருந்தும் எனக்கு 41 வயதில் தொடங்கிய அசதியைக் கண்டுபிடிக்க மூன்று ஆண்டுகள் ஆயின. ஒரு மருத்துவர் மாதவிடாய் நிற்கும் வயது என்றார். இன்னொருவர் "டீச்சர், ரொம்ப யோசிக்காதீங்க" என்றார். மூன்றாமவர் சர்க்கரை கட்டுக்குள் இல்லாததால்தான் எல்லாம் என்று மாத்திரையைக் கூட்டினார். அதனால்தான் தைராய்டு வந்தது என்று எழுதாமல் தெரியவந்தது என்று எழுதினேன். அது முன்பே வந்து உட்கார்ந்திருந்தது. சர்க்கரையின் நிழலில் யாருக்கும் தெரியவில்லை.

இரண்டும் ஒன்றின் கணக்கை ஒன்று குழப்பும். தைராய்டு குறைந்தால் கெட்ட கொழுப்பு ஏறும், எடை ஏறும், இன்சுலின் சரியாக வேலை செய்யாது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை சிவப்பணுக்களை நம்பியது. தைராய்டு குறைவுக்கு மருந்து எடுக்காதபோதும், இரும்புச்சத்துக் குறைவிலும், அது உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் இரத்தசோகை. மெட்ஃபார்மின் தைராய்டுப் பரிசோதனையின் எண்ணைச் சற்றுக் குறைத்துக் காட்டுவதும் உண்டு. ஒரு பெண்ணின் இரத்தத்தில் இவை எல்லாம் ஒன்றாக ஓடுகின்றன. சர்க்கரைக்கு ஒரு வரிசை, தைராய்டுக்கு வேறு நாள் வேறு வரிசை, இரண்டு சீட்டு. ஒரு சீட்டில் எழுதியதை மறு சீட்டு எழுதுகிறவர் பார்ப்பதில்லை, நாம் நீட்டினால் தவிர. நான் இப்போது இரண்டையும் ஒரே பின்னில் குத்தி நீட்டுகிறேன்.

சர்க்கரையின் கதைக்கு வருகிறேன். காலனிய காலத்து மருத்துவர்களின் எழுத்தில் இது வசதியான, படித்த, உட்கார்ந்து வேலை பார்க்கும் ஆணின் வியாதி. பணக்கார வியாதி என்ற பேச்சு எங்கள் ஊரில் நான் சிறுமியாக இருந்தவரை புழங்கியது. சென்னை ஸ்டான்லியில் 1948இல் மருத்துவர் மோ. விசுவநாதன் நீரிழிவுக்கென்றே தனிப் பிரிவு தொடங்கினார். நாட்டின் முன்னோடி அது. தமிழ்நாடு அன்றிலிருந்து நீரிழிவு ஆராய்ச்சியின் தலைநகர். நோயும் இங்கே சராசரியைவிடக் கூடுதல்தான்: 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வில் நாட்டின் சராசரி 11.4 விழுக்காடு, தமிழ்நாடு 14.4.

இந்த ஆராய்ச்சி வரலாற்றில் எனக்குப் பிடித்த எண் ஒன்று உண்டு. பிடிக்காத எண்ணும் அதுவே. நடையும் உணவு மாற்றமும் நீரிழிவைத் தள்ளிப்போடும் என்று நம் மண்ணில் நிறுவியது மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவின் ஆய்வு, 2006இல் வெளியானது. ஒன்றும் செய்யாதவர்களில் மூன்று ஆண்டுகளில் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது, பழக்கங்களை மாற்றியவர்களில் 39. உலகமே மேற்கோள் காட்டும் ஆய்வு. அதில் பங்கேற்றவர்கள் 531 பேர். அவர்களில் பெண்கள் 110. "தினமும் அரை மணி நேரம் நடங்கள்" என்று என்னிடம் சொல்லும் ஒவ்வொருவரின் பின்னாலும் இந்த எண் எனக்குத் தெரிகிறது. பேரிகை-பாகலூர் சாலையில் இருட்டு விலகுமுன் ஒரு பெண் தனியாக நடப்பது எப்படி இருக்கும் என்று அந்த 421 ஆண்களிடம் யாரும் கேட்டிருக்கத் தேவையில்லை.

2003இல் என் மகள் பிறந்தாள். நான்கு கிலோ நூறு கிராம். ஆஸ்பத்திரி முழுக்க வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மாமியார் திருஷ்டி சுற்றிப் போட்டார். குழந்தை அவ்வளவு பெரிதாக இருந்தது என் இரத்தத்தில் ஓடிய சர்க்கரையால் இருக்கலாம் என்று 38 வயதில் நோய் வந்தபிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். கருவுற்றிருக்கும்போது சர்க்கரை ஏறிய பெண்ணுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்கு. சென்னையில் மருத்துவர் வீ. சேஷய்யா ஆண்டுக்கணக்கில் இதைத்தான் வலியுறுத்தி வந்தார்: கருவுற்ற எல்லாப் பெண்களுக்கும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும், இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒருமுறை இரத்தம் எடுங்கள். வெறும் வயிற்றோடு வா என்று சொன்னால் கிராமத்துப் பெண் வரமாட்டாள், பஸ் செலவுக்கு இரண்டாவது முறை காசு இருக்காது என்பதை அவர் அறிந்திருந்தார். நம் பெண்களின் பஸ் நேரத்தைக் கணக்கில் எடுத்து அமைத்த ஒரு மருத்துவப் பரிசோதனையைச் சொல் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். 2007இல் தமிழ்நாடு அதை அரசாணையாக்கியது, நாட்டிலேயே முதலாவதாக. எனக்கு நான்கு ஆண்டுகள் தாமதம். பரவாயில்லை, என் மகளுக்குத் தாமதமில்லை.

ஆனால் அந்தப் பரிசோதனைக்குப் பெண் தாயாக இருக்க வேண்டும். அயோடின் திட்டமும் அவளைத் தாயாகத்தான் பார்த்தது. பிரசவம் முடிந்து பிள்ளை பள்ளிக்குப் போனபின், கர்ப்பப்பையைத் தவிர்த்த மீதி உடம்போடு அவள் எந்தப் பதிவேட்டில் இருக்கிறாள்?

அடுப்படியில் இருக்கிறாள். அங்கேதான் இரண்டு நோய்களும் நேருக்கு நேர் மோதுகின்றன. எங்கள் சாப்பாடு ராகிக் களி, தெலுங்கில் சங்கட்டி, கன்னடத்தில் முத்தெ. கூட உப்புச்சாறு, கீரை மசியல், காலம் வந்தால் அவரை. ரேஷன் அரிசி 2008இல் ஒரு ரூபாயாகி, 2011இல் இலவசமானபின் களி விருந்தாளியாகிவிட்டது. அரிசியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பட்டினி என்றால் என்னவென்று அம்மா சொல்லிக் கேட்டவள். களி கிண்டும் பெண்ணின் தோளைப் பார்த்தவர்கள், பானையைப் பிடித்துக்கொண்டு துடுப்பைச் சுழற்றிய கைகளைப் பார்த்தவர்கள், பழைய காலம் பொற்காலம் என்று சொல்லமாட்டார்கள். இப்போது சர்க்கரைக்குச் சிறுதானியம் சாப்பிடு என்கிறார்கள். தைராய்டுக்குச் சிறுதானியம் ஆகாது, முட்டைக்கோஸ் ஆகாது, நிலக்கடலை ஆகாது என்று செல்பேசியில் பட்டியல் வருகிறது. எங்கள் வயல்களில் விளைவதே ராகி, கோஸ், கடலை, தக்காளி. தக்காளி மட்டும் மிஞ்சுகிறது.

இந்தத் தடைப்பட்டியலின் வேரைத் தேடினேன். கோஸ்: 1928இல் அமெரிக்காவில் வேறு ஏதோ ஆய்வுக்காக வளர்த்த முயல்களுக்குப் பெரும்பாலும் கோஸையே போட்டிருக்கிறார்கள், அவற்றின் கழுத்து வீங்கியது. நிலக்கடலையும் சோயாவும்: நம் குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1933இல் எழுதியது. சிறுதானியம்: சூடானில், உணவின் பெரும்பகுதியே கம்பாக இருந்த, அயோடினும் குறைவாக இருந்த மக்களைப் பற்றி 1980களில் நடந்த ஆய்வு. அது கம்பு, ராகி இல்லை. அயோடின் உப்பு சாப்பிட்டு, மாத்திரையும் எடுத்துக்கொண்டு, வேகவைத்த கோஸ் பொரியலைத் தொட்டுக்கொள்ளும் ஒருத்திக்கு முயலின் கதை பொருந்தாது. நான் களியைத் தொடர்கிறேன், உருண்டையின் அளவைக் குறைத்துக்கொண்டு. உப்புச்சாற்றில் அயோடின் உப்பு.

கோஸைவிடப் பெரிய சிக்கல் கடிகாரம். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், அதற்குப்பின் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் காபிகூடக் கூடாது. சர்க்கரை மாத்திரை சாப்பாட்டோடு. இரும்புச்சத்தும் கால்சியமும் தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரம் தள்ளி. எங்கள் தெருவில் ஐந்தரைக்குக் கம்பெனி பஸ் ஏறும் பெண்கள் இருக்கிறார்கள். ஓசூரில் சிப்காட் வந்த 1970களில் ஆண்கள் போனார்கள். இப்போது பெண்கள், ஒரு வாரம் காலை ஷிப்டு, ஒரு வாரம் இரவு. பக்கத்து வீட்டு மருமகள் நின்றபடியே மாத்திரையையும் காபியையும் ஒன்றாக விழுங்கிவிட்டு ஓடுவாள். ஆறு மாதமாக அளவு கூட்டிக்கொண்டே போனார்கள், எண் இறங்கவில்லை. நெதர்லாந்தில் நடந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வு, இரவு படுக்கப்போகும் நேரத்தில் எடுத்தாலும் இந்த மாத்திரை நன்றாகவே வேலை செய்கிறது என்று காட்டியிருக்கிறது, சாப்பிட்டுச் சில மணி நேரம் கழிந்திருந்தால் போதும். "உங்க டாக்டர்கிட்ட கேளு" என்று அந்த வரியைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். கேட்டாள். மாற்றிக் கொடுத்தார்கள்.

2021 ஆகஸ்ட் 5 அன்று மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கப்பட்டது எங்கள் மாவட்டத்தின் சாமனப்பள்ளி கிராமத்தில்தான். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வரும். கொண்டுவருகிறவர்கள் சுய உதவிக் குழுவிலிருந்து வந்த பெண் தன்னார்வலர்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க முடியாத பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை நகரத்தில் இருப்பவர்களுக்கு விளக்குவது கடினம். தைராய்டு அந்தப் பையில் இல்லை. உலக சுகாதார அமைப்பின் பட்டியல்களும் மத்திய அரசின் தொற்றாநோய்த் திட்டமும் சர்க்கரை, அழுத்தம், புற்றுநோய் என்று போட்ட வரிசையை மாநிலங்கள் பின்பற்றுகின்றன. ஆளைக் கொல்லும் நோய்களுக்கு அதில் முதலிடம். ஆளை மெதுவாக்கி, குரலைக் கம்மவைத்து, சோம்பேறி என்று மாமியாரிடம் பேர் வாங்கித் தரும் நோய்க்கு இடமில்லை.

எங்கள் தெருவுக்கு மாத்திரை கொண்டுவரும் பெண்ணுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. போன மாதம் வந்தபோது திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். பிளவுஸுக்குள்ளிருந்து சின்னப் பர்ஸை எடுத்து, அதிலிருந்து ஓர் அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, "அய்யோ, காலையில போடவே இல்லக்கா" என்றார். நான் போடும் அதே மாத்திரை, என்னைவிட 25 மைக்ரோகிராம் கூடுதல்.

"எத்தனை வருஷமா?"

"சின்னவன் பொறந்ததிலிருந்து. அம்மாவுக்கும் இருந்துச்சு போல. கழுத்து இப்படி இருக்கும்."

முந்தானையை இழுத்துப் போர்த்திக் காட்டினார்.